கூலியும் கிருபையும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

கிறித்தவ இறையியலின் மையக் கருத்துக்களுள் ஒன்றாகிய கிருபை பற்றித் தமிழில் எழுந்த எழுத்துக்கள் பெரும்பாலும் இரு வகையின. விசுவாசிகளுக்கென எழுதப்பட்ட போதனை நூல்கள் ஒரு வகை. சைவ சித்தாந்தத்தின் திருவருட் கோட்பாட்டோடும் வைணவத்தின் சரணாகதிக் கோட்பாட்டோடும் அதனை ஒப்பிட்டு நோக்கும் தத்துவ ஆய்வுகள் மற்றொரு வகை. இரண்டும் பயனுடையனவே. ஆயின் இச்சொல்லை நாடோறும் செபத்தில் உச்சரித்த சாதாரண மக்கள் எத்தகைய வாழ்நிலையில் நின்று அதனை உச்சரித்தனர், அவர்தம் செவியில் அது எவ்வாறு ஒலித்திருக்கும் என்னும் வினாவை இவ்விரு வகை எழுத்துக்களும் எழுப்பியது அரிது. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழ்க் கிறித்தவரை மனத்திற்கொண்டு அவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் ஒரு வாக்கியம் உண்டு. வேலை செய்தவனுக்குக் கிடைப்பது அவனுக்குச் சேரவேண்டிய பாக்கியே ஆதலால், அதனைக் கொடை எனக் கருதுதல் பொருந்தாது என்பது அதன் கருத்து. சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பில் இவ்வாக்கியத்தினுள்ளே கூலி, கிருபை, கடன் என்னும் மூன்று சொற்களும் அடுத்தடுத்து வந்து அமைந்துள்ளன. உரோமப் பேரரசின் நகரமொன்றிலிருந்த சிறு குழுவினருக்காக எழுதப்பட்ட இவ்வாக்கியம், பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்தபின் ஒரு தோட்டத்து லயத்தில் வாசிக்கப்பட்டபோது, அதனைக் கேட்டவருக்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது. கூலியும் கடனும் அவர் பிறந்த நாள் முதல் அறிந்தவை. அவர் அறியாதிருந்தது நடுவில் நின்ற அந்த ஒரு சொல் மட்டுமே.

அச்சொல்லின் தமிழ் வரலாறு சிறிது கூறற்பாலது. கிரேக்க மூலத்தில் உள்ள 'காரிஸ்' என்னும் சொல் மகிழ்ச்சியைக் குறிக்கும் வேரோடு உறவுடையது; கொடை, கொடுப்போன் முகத்தில் தோன்றும் மலர்ச்சி, பெறுவோனின் நன்றி ஆகிய மூன்றையும் அது தழுவி நிற்பது. தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் இதனைப் 'பிரியதத்தம்' எனவும் 'இஷ்டப்பிரசாதம்' எனவும் வடமொழித் தொடர்களால் வழங்கினர். விரும்பி அளிக்கப்படுவது என்னும் பொருள் இவற்றிலே தெளிவு. சீர்திருத்தத் திருச்சபையினர் 'கிருபை' என்பதை நிலைபெறச் செய்தனர். 1850இல் வெளிவந்த பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பிலே ஆறுமுக நாவலரின் கைவண்ணம் உண்டென்பதை ஈழத்தவர் நன்கறிவர். எனினும் வழக்கில் வென்றது, போவர் முதலியோர் அடங்கிய குழுவினர் உருவாக்கி 1871இல் முழுமைபெற்ற மொழிபெயர்ப்பே. கத்தோலிக்கரும் ஏனையோரும் கூடி ஆக்கிய திருவிவிலியம் 1995இல் வெளியானபோது 'அருள்' என்னும் தமிழ்ச்சொல் அவ்விடத்தைப் பெற்றது.

இம்மூன்றினுள் கிருபை என்னும் சொல்லுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. வடமொழியில் அதற்கு இரக்கம் என்பது முதற்பொருள். இரக்கம் மேலிருந்து கீழ் நோக்கி வருவது. இரங்குவோனின் உயர்ச்சியையும் இரங்கப்படுவோனின் தாழ்ச்சியையும் அது முன்கொண்டே நிற்கும். ஊதியம், அரிசி, மருந்து, குடியிருக்கும் அறை, ஊருக்குப் போய்வர விடுப்பு அனைத்தும் துரையின் தயவில் தங்கியிருந்த ஒரு சமூகத்திலே, கடவுளின் கிருபையைத் துரையின் தயவு போன்றதொன்றாக விளங்கிக்கொள்ளும் அபாயம் இருந்தது. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டவேண்டிய பொறுப்பு போதகருக்கு உரியது. அப்பொறுப்பு எந்த அளவுக்கு நிறைவேற்றப்பட்டது என்பது வேறு வினா.

இங்கு ஒரு வரலாற்று முரணைக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. தோட்டத் தொழிலாளர் மத்தியிலே சமயப்பணி செய்வதற்கென அங்கிலிக்கன் சபையின் சர்ச் மிஷன் சங்கம், கோப்பித் துரைமாரின் ஒத்துழைப்போடு 1854இல் தொடங்கிய இயக்கத்துக்கு இடப்பட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்' என்பதாகும். கண்டிப் பகுதியில் தொடங்கிக் கோப்பித் தோட்டங்கள் எங்கும் பரவிய இதன் பணிக்கெனத் திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து உபதேசிமார் வந்தனர். செலவின் ஒரு பகுதியைத் துரைமாரின் சந்தாப் பணம் தாங்கிற்று. லயத்துப் பள்ளிக்கூடங்கள் பல இவ்வியக்கத்தின் முயற்சியால் எழுந்தவை என்பதையும், எழுத்தறிவின் முதல் வெளிச்சம் பல குடும்பங்களுக்கு அவ்வழியே வந்தது என்பதையும் மறுத்தல் நேர்மையாகாது. கத்தோலிக்கர் நிலை இதனின்றும் சிறிது வேறுபட்டது. 1893இல் அமைக்கப்பட்ட காலி மறைமாவட்டம் தென்மாகாணத்தோடு சப்பிரகமுவவையும் உள்ளடக்கியிருந்தது. பெல்ஜிய இயேசு சபையினர் அதனைப் பொறுப்பேற்று நடத்தினர். இரத்தினபுரி தனி மறைமாவட்டமானது அதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னர், 1995இல் ஆகும்.

'கூலி' என்னும் அப்பெயரைப் பற்றி இன்னும் ஒரு சொல். தமிழில் அது வேலைக்குரிய ஊதியத்தைக் குறிப்பது. ஆங்கிலத்தில் அச்சொல் தமிழிலிருந்து சென்றதென்பர் ஒரு சாரார். வேறு மூலங் கூறுவாரும் உளர். எவ்வாறாயினும் குடியேற்றவாத நிர்வாகத்தின் ஏடுகளில் அது ஊதியம் பெறும் மனிதனையே குறித்தது. மனிதன் தன் ஊதியத்தின் பெயராலே அழைக்கப்பட்டான். அவ்வாறு அழைக்கப்பட்டவனிடம் போய், உன் மதிப்பு உன் உழைப்பின் அளவிலே தங்கியிருக்கவில்லை என்று கூறுவதே கிருபையின் செய்தி. அச்செய்தியைக் கொண்டுசென்ற சபையே தன் பெயர்ப்பலகையில் அதற்கு நேர்மாறானதை எழுதி வைத்திருந்தது. இதனை அக்காலத்தவர் எவரும் முரணாக உணர்ந்ததாகத் தெரியவில்லை, அதுவே குறிப்பிடத்தக்கது.

கடன் என்னும் சொல்லுக்கு வருவோம். கங்காணி முறையின் அச்சாணி கடனேயாகும். தமிழகத்துக் கிராமத்தினின்றும் ஆட்களைத் திரட்டிய கங்காணி, வழிச்செலவுக்கும் பழைய கடன் தீர்ப்பதற்கும் முற்பணம் கொடுத்தான். தோட்டத்தை அடையும்போதே தொழிலாளி கடனாளி. அவன் பெயரிலே பணியெடுத்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் 'துண்டு' பெறவேண்டும். அத்துண்டிலே அவன் கடன்தொகை எழுதப்பட்டிருக்கும். அத்தொகையை ஏற்றுக் கொடுக்கும் தோட்டமே அவனைப் பெறும். இவ்வாறு கடன் ஒரு மனிதனைக் கைமாற்றும் விலையாயிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

மத்தேயு எழுதிய நற்செய்தியிலுள்ள, இயேசு கற்பித்த செபத்தில், மன்னிக்கப்படவேண்டும் என்று வேண்டப்படுவது எது? பாவம் எனவும் குற்றம் எனவும் பிற்கால வழக்குகள் கூறும். ஆயின் கிரேக்க மூலத்தின் சொல் கடனையே குறிப்பது. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் 'கடன்', 'கடனாளி' என்றே அதனைத் தந்தது. துண்டிலே தன் கடன் எழுதப்பட்ட ஒருவன் இரவில் லயத்துத் திண்ணையிலே இச்செபத்தைச் சொன்னபோது அதனை வெறும் உருவகமாகக் கொண்டிருப்பானா? இச்சொல் பிறந்த சூழலும் இதற்கு ஒப்பானதே. ஏழாண்டுக்கு ஒருமுறை கடன் விடுதலை செய்தல், ஐம்பதாம் ஆண்டில் இழந்த நிலத்தை உரியவனுக்கு மீட்டளித்தல் என்னும் எபிரேயச் சட்டங்களின் நினைவு அச்செபத்தின் பின்னே நிற்கிறது. கணக்கேட்டைக் கிழித்தெறிதல் என்பதே மன்னிப்பின் பழம்பொருள். தயவுக்கும் கிருபைக்குமுள்ள வேறுபாடும் இங்கேதான் புலப்படுகிறது. தயவு பெற்றவன் தயவுகாட்டியவனுக்கு என்றும் கடனாளி; கிருபை கடனாளி என்னும் நிலையையே இல்லாமற் செய்வது.

இனி, இக்கட்டுரையின் மையமாக எடுத்துக்கொள்ளத்தக்க ஓர் உவமை உண்டு. மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையே அது. விவிலிய அறிஞர் இதற்கு எழுதிய உரைகள் ஏராளம். எனினும் இதனைத் தோட்டத்து வழக்கிலே எடுத்துரைத்துப் பார்த்தால் சில விடயங்கள் உரைகளின் துணையின்றியே விளங்குகின்றன.

விடிகாலையில் பெரட்டுக்களத்திலே தோட்டக்காரர் ஆள் எடுக்கிறார். நாளொன்றுக்கு இவ்வளவு என்று பேச்சு முடிந்து முதற்குழு மலைக்குப் போகிறது. பின்னர் ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் மீண்டும் ஆள் எடுக்கப்படுகிறது. வேலை முடிய ஒரு மணிநேரமே இருக்க, ஐந்து மணிக்கும் சிலர் சந்தியிலே நிற்பதைக் கண்டு, ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்; எங்களை எவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கின்றனர் அவர்கள். அவர்களும் அனுப்பப்படுகின்றனர். மாலையில் கணக்கப்பிள்ளை சம்பளம் கொடுக்கிறார்; கடைசியாக வந்தவர்களிலிருந்து தொடங்கி, அனைவருக்கும் ஒரே தொகை. தோட்டத்து மொழியிற் கூறுவதாயின், எல்லாருக்கும் முழுப்பேர்.

தோட்டத்தில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்கான வரவு. செக்ரோலில் ஒருவரின் பெயருக்கு நேரே அன்றைய வேலை பதியப்பட்டால் 'பேர் விழுந்தது' என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாவிடின் 'அரைப்பேர்'. முன்னர்க் கூறிய சொல்மாற்றத்தின் மறுபக்கம் இது: அங்கு மனிதன் ஊதியத்தின் பெயரைப் பெற்றான், இங்கு ஊதியம் மனிதனின் பெயராக நிற்கிறது. அரைப்பேர் பெற்று வீடு திரும்பும் பெண்ணுக்கு அது வெறும் எண்கணக்கு அன்று. இவ்வழக்கினுள் நின்று உவமையைக் கேட்பவருக்கு அதன் முடிவு ஒன்றே: மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அரைப்பேர் போடப்படவில்லை.

எவரும் எங்களை எடுக்கவில்லை என்னும் அவ்விடையும் சிந்திக்கத்தக்கது. நகர்ப்புறத்து வாசகருட் சிலர் அவர்களைச் சோம்பேறிகள் என எண்ணிவிடுவதுண்டு. சப்பிரகமுவத் தோட்டங்களை அறிந்தோர் அவ்வாறு எண்ணார். இரத்தினபுரி இலங்கையின் மிகு மழை பெறும் பகுதிகளுள் ஒன்று. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் அங்கு மழை பெய்கிறது. இம்மாகாணத்துத் தோட்டங்களிற் கணிசமானவை றப்பர்த் தோட்டங்கள். றப்பர் மரத்திலே பால் வெட்டுதல் அதிகாலை வேலை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுத் தடத்தை விட்டு மரமெங்கும் வழிந்தோடும். கட்டிவைத்த சிரட்டையில் மழைநீர் புகுந்து பால் கெடும். ஆகவே மழைநாளிற் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லாத நாளிற் பிறவேலை கிடைத்தாலன்றிப் பேரும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இவ்வாறு இழக்கப்படும் நாட்கள் பல. கத்தியும் வாளியும் கையிலிருக்க, உடலில் வலிமையிருக்க, வேலையின்றி லயத்து வாசலில் நிற்பவனின் பசி வேலை செய்தவனின் பசியினும் குறைந்ததன்று.

உவமையிலே வரும் அந்நாணயம் அக்காலத்தில் ஒரு குடும்பம் ஒருநாள் உண்பதற்குரிய கூலி எனக் கருதப்படுகிறது. தோட்டக்காரர் செய்தது இதுவே: உழைத்த மணித்தியாலங்களைக் கொண்டு அளவாமல், உண்ணவேண்டிய வயிற்றைக் கொண்டு அளந்தார். அருள் என்பது ஆகாயத்தில் உலவும் ஓர் உணர்ச்சியன்று என்பதைத் தமிழ் மரபும் அறிந்திருந்தது. அன்பினின்றும் பிறந்த குழந்தையாகிய அருள், செல்வம் என்னும் செவிலியாலேயே வளர்கிறது என்னுங் கருத்து திருக்குறளிலே பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் வருகிறது. அருளுடைமையைத் துறவறவியலில் வைத்த வள்ளுவரே அதனை வளர்க்கும் செவிலியைப் பொருட்பாலில் வைத்தமை நுணுகி நோக்கற்பாலது.

ஆயினும் இவ்வுவமையை முற்போக்கு நோக்குடைய ஒருவர் எதிர்த்து வினவுவதற்கு இடமுண்டு. அவ்வினாவைத் தட்டிக்கழித்தல் ஆகாது. விடியலிலிருந்து வெயிலில் உழைத்தவர்கள் முறையிடுகின்றனர். தோட்டக்காரரோ, என் பொருளை என் விருப்பப்படி வழங்க எனக்கு உரிமை இல்லையா என்று கேட்கிறார். இது எந்தத் துரையும் கூறக்கூடிய சொல் அல்லவா? உடைமையாளனின் தன்விருப்பத்துக்கு வேதத்தின் முத்திரை இடப்படுகிறது அல்லவா? துரைமாரின் முன்னிலையில் இவ்வுவமை அவ்வாறே விளக்கப்பட்டிருப்பின் வியப்பதற்கில்லை.

இதற்கு விடை உவமையின் அமைப்பிலேயே உள்ளது. முதலில் வந்தவர்களுக்குப் பேசிய கூலி முழுமையாகக் கொடுக்கப்படுகிறது. ஒரு சதமேனும் குறைக்கப்படவில்லை. தோட்டக்காரரின் விருப்பம் செயற்படுவது பேசிய கூலிக்கு மேலே. அதற்குக் கீழே அன்று. நீதி முழுதும் செலுத்தப்பட்ட இடத்திலேதான் கிருபை தொடங்குகிறது. பேசிய கூலியைக் குறைத்துவிட்டு, பண்டிகை நாளில் ஒரு சேலையும் சிறிது அரிசியும் கொடுத்து அதனைத் தயாளம் என அழைப்பது இவ்வுவமைக்கு நேர் எதிரானது. யாக்கோபின் நிருபம் இதனை வேறொரு திசையிலிருந்து கூறுகிறது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடாது பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது என்றும், அக்குரல் கடவுளின் செவிக்கு எட்டிவிட்டது என்றும் அது எச்சரிக்கிறது. கிருபையினால் மட்டுமே மீட்பு என்பதை 1517இன் பின்னர் ஐரோப்பா முழுவதும் ஒலிக்கச்செய்த லூதர், செயலின்றி விசுவாசம் செத்தது என்னும் இந்நிருபத்தை வைக்கோல் நிருபம் என மதிப்புக் குறைத்துப் பேசினார். அவரது போராட்டத்தின் சூழலில் அதற்கு நியாயம் இருந்திருக்கலாம். தோட்டத்தினின்று நோக்கும் ஒருவருக்கு அவ்வைக்கோல் பஞ்சகாலத்துக்கு வைத்த சேமிப்பாகவே தோன்றும்.

லூதரின் வழிவந்த ஒருவரே பின்னர் இச்சமநிலையை மீட்டார் எனலாம். ஜெர்மானியப் போதகர் டீற்றிக் பொன்ஹோபர் 1937இல் வெளியிட்ட நூலிலே, மனமாற்றமும் விலையும் வேண்டாது வழங்கப்படும் மன்னிப்பை மலிவான கிருபை எனக் கண்டித்தார். இட்லரின் ஆட்சிக்கு இசைந்துபோன திருச்சபையை நோக்கி அவர் அதனை எழுதினார். 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். புதிய ஏற்பாடு விசுவாசத்துக்கும் அன்புக்கும் இடும் அடைமொழிகளுள் ஒன்றைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'மாயமற்ற' என அழகுறத் தந்துள்ளனர். கிரேக்க மூலத்தில் அது முகமூடி அணிந்து நடிக்கும் கூத்தனைக் குறிக்கும் சொல்லின் எதிர்மறை. வேடம் புனையாத விசுவாசம் என்பது பொருள். வேடம் எப்போது கலைகிறது என்பதே வினா. சப்பிரகமுவவின் அண்மைக்கால வரலாற்றில் அது கலையவேண்டிய வேளைகள் பல வந்தன.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். அங்கும் மனிதர் கணக்கேட்டின் எண்களாயினர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியிலே தோட்டங்களில் பட்டினியும் சாவும் பெருகின. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோது, முற்போக்கான அச்சட்டத்தின் நிழலிலேயே சில இடங்களில் தமிழ்த் தொழிலாளர் லயங்களிலிருந்து விரட்டப்பட்டனர். சட்டத்தை ஆதரித்த இடதுசாரிகளும் இதனை உரத்துக் கூறத் தயங்கினர் என்பதை நாம் மறைத்தல் கூடாது.

இச்சூழலிலேதான் கிறித்தவருள் ஒரு சிறுபகுதியினர் தம் விசுவாசத்தின் பொருளை மீளவும் வினவத் தலைப்பட்டனர். இயேசு சபைத் துறவியாகிய போல் கஸ்பேர்ஸ் (1925–2017) கண்டியிலே 1972இல் 'சத்தியோதய' நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ்ப் பணிபுரிந்த அந்நிலையம் தோட்ட மக்களின் குடியுரிமை, கூலி, குடியிருப்பு ஆகியவற்றை ஆய்வுக்கும் கிளர்ச்சிக்கும் உரிய பொருள்களாக்கியது. 1974இல் உருவான தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகத்திலும், 1979இல் எழுந்த இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் அவர் முன்னின்றார். கொழும்பிலே 1971இல் சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தை நிறுவிய திஸ்ஸ பாலசூரிய அடிகள், நற்கருணை வழிபாட்டையும் மானிட விடுதலையையும் இணைத்து 1977இல் நூலொன்று எழுதினார். ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்ணும் சடங்கினை வாரந்தோறும் நடத்தும் சமூகம், உணவை எவ்வாறு பங்கிடுகிறது என்பது அவர்தம் வினா. அங்கிலிக்கன் சபையின் குருநாகல் அத்தியட்சர் இலக்ஸ்மன் விக்கிரமசிங்க, 1983 யூலை வன்செயலின்போது சிகிச்சைக்காக வெளிநாட்டில் இருந்தார். நாடு திரும்பியதும் பாதிக்கப்பட்டோரைச் சென்று கண்டு, நடந்தவற்றுக்காகச் சிங்கள மக்கள் வெட்கமுற்று மனம்வருந்தவேண்டும் எனத் தம் மக்களை நோக்கியே எழுதினார். அவ்வாண்டு ஒக்ரோபரில் அவர் மறைந்தார். பெரும்பான்மைச் சமூகத்தின் தலைமகன் ஒருவர் அதனைக் கூறியமையே அதன் பெறுமதி; மன்னிப்புக் கோருதல் மலிவானதாய் இராது, விலை உடையதாயிற்று.

1983ஐப் பற்றிப் பேசுவோர் 1981ஐ மறந்துவிடுகின்றனர். அவ்வாண்டு ஓகஸ்டிலே இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன, எரியூட்டப்பட்டன. வீடிழந்தோர் பலர் வடக்கே வவுனியாப் பக்கம் சென்று குடியேறினர். சப்பிரகமுவத் தோட்டங்களின் அமைப்பு இதற்கு ஒரு காரணமாகும். நுவரெலியாவிற்போல் மலைத்தொடர் முழுவதும் தமிழ்த் தொழிலாளர் செறிந்து வாழும் நிலை இங்கு இல்லை. சிங்களக் கிராமங்களின் நடுவே சிறு தீவுகள்போல் தோட்டங்கள் கிடக்கின்றன. அயலாருடன் நாளாந்தக் கொடுக்கல் வாங்கலும், விழாக்களிற் கலப்பும், திருமண உறவுகளுங்கூட இங்கு மிகுதி. கலகம் வரும்போது தப்பியோட வழி குறைவு என்பதும் அதே அளவு உண்மை. அயலானை நேசித்தல் என்னும் கட்டளை இத்தகைய இடத்திற் பொதுவான அறவுரையாய் இராது. அயலானின் முகமும் பெயரும் தெரியும். பந்தம் பிடித்து வந்தவர்களின் முகங்களும் சில வேளை தெரிந்தவையே. அத்தகைய இடத்தில் மன்னிப்பு என்னும் சொல்லைப் பீடத்திலிருந்து எளிதாக உச்சரித்துவிட முடியாது.

பிற்கால மாற்றங்கள் பலரும் அறிந்தவை. பெண் தொழிலாளருக்கு ஆண்களுக்குச் சமமான கூலி 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிடைத்தது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் வழி வந்த வேறுபாடு அதுவரை நீடித்தது. அவ்வுவமையைப் பெண்கள் அத்தனை ஆண்டுகளும் தேவாலயத்திற் கேட்டுக்கொண்டே இருந்தனர். 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. 2021இல் நாட்கூலி 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது கம்பெனிகள் நீதிமன்றத்தை நாடின. பல தோட்டங்களிற் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டனர். நிறை எட்டாதவருக்கு அரைப்பேர். பேசிய கூலிக்கு மேலே கொடுக்கும் விருப்பம் ஒருபுறமிருக்க, பேசிய கூலியை அளக்கும் தராசே இங்கு வழக்குப்பொருளாயிற்று.

இறுதியாக மொழி பற்றிய ஒரு சிக்கல் உண்டு. அது இம்மாகாணத்துக்குச் சிறப்பாக உரியது. சப்பிரகமுவத் தோட்டங்களில் தமிழ்மொழிப் பாடசாலைகளின் பற்றாக்குறையால் பிள்ளைகளுட் பலர் சிங்களமொழி மூலம் கற்கின்றனர். பல ஆலயங்களில் வழிபாடும் சிங்களத்திலேயே நடைபெறுகிறது. மூத்த தலைமுறை தமிழிற் செபிக்க, இளையோர் சிங்களத்திற் பாடுகின்றனர். தமிழ் வழிபாடு வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானது. இதனை மொழிவெறி எனத் தள்ளுவோர், தாய்மொழியிற் செபிக்கும் உரிமையை இழந்து அறியாதவர்கள். ஆயின் இளையோர் சிங்களத்திற் கேட்கும் சொல்லும் அந்நியமானதன்று என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். சிங்களக் கத்தோலிக்கர் கிருபையை 'வரப்பிரசாதய' என்கின்றனர். தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய செபநூல்களிலே பயின்ற வரப்பிரசாதமே அது. யோசப் வாஸ் அடிகளின் பின்னர் இலங்கைக்கு 1705இல் வந்த கோவைத் தீவினராகிய யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே கிறித்தவ உரைநடையையும் செபங்களையும் ஆக்கியவர். இரு மொழிகளின் கத்தோலிக்கச் சொல்வளத்தையும் ஒருசேர வைத்து ஆராயும் முயற்சி நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் உரிய அளவில் நிகழவில்லை. சிங்களமும் தமிழும் நன்கறிந்த மாணவர் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்தே இன்று வருகின்றனர். பாட்டியின் செபப்புத்தகமும் பேரனின் பாட்டுப்புத்தகமும் ஒரே காம்பிராவின் ஒரே மாடத்தில் இருக்கின்றன. ஆய்வை அங்கிருந்தே தொடங்கலாம்.